பேசிய வாயும் எழுதிய கையும்: ஆதி அமெரிக்க இலக்கியத்தை வாசித்தல்

அமெரிக்க இலக்கியம் என்றதும் நமது வாசகர் மனதில் எழுகின்ற பெயர்கள் சிலவே. வால்ட் விட்மன், எட்கார் அலன் போ, மார்க் ட்வைன், ஏர்னஸ்ட் ஹெமிங்வே ஆகியோரை ஆங்கிலத்திலோ தமிழிலோ ஓரளவு படித்திருக்கிறோம். 'கடலும் கிழவனும்' நாவலை அறியாத இலக்கிய வாசகர் நம்மிடையே அரிது எனலாம். ஆயின் இவர்களுக்கெல்லாம் முன்னே, 1776இல் அமெரிக்கா தன் சுதந்திரத்தைப் பிரகடனம் செய்வதற்கும் முன்னே, அந்நிலத்தில் என்ன இலக்கியம் இருந்தது என்ற வினாவை நாம் அதிகம் எழுப்பியதில்லை.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலுங்கூட நெடுங்காலமாக இவ்வினாவுக்குச் சுருக்கமான விடையொன்றே தரப்பட்டு வந்தது. பியூரிட்டன்கள் எனப்படும் தூய்மைவாதக் கிறிஸ்தவர்கள் 17ஆம் நூற்றாண்டில் நியூ இங்கிலாந்துக் கரையில் வந்திறங்கினர், பிரசங்கங்களும் நாட்குறிப்புக்களும் எழுதினர், அதுவே தொடக்கம் என்பதே அவ்விடை. 1990இல் வெளிவந்த ஹீத் தொகைநூல் போன்றவை இந்நிலையை மாற்றின. சுதேச மக்களின் படைப்புக் கதைகள் முதற் பக்கங்களுக்கு வந்தன. ஸ்பானியரும் பிரெஞ்சுக்காரரும் எழுதியவையும் சேர்ந்தன. இன்று இப்பாடம் சுதேசக் கலாசாரங்களிலிருந்து காலனித்துவ காலம் வரை என்றே பெரும்பாலும் வகுக்கப்படுகின்றது.

இம்மாற்றம் வரவேற்கத்தக்கது. எனினும் இதில் ஒரு சிக்கல் உண்டு. முதலில் வாய்மொழிக் கதைகள், அடுத்து கடலோடிகளின் கடிதங்கள், அடுத்து பியூரிட்டன்கள், இறுதியில் பென்ஜமின் பிராங்ளினும் சுதந்திரமும் என்று இப்பாடம் ஒரு படிக்கட்டாக அமைந்துவிடுகின்றது. முதற்படியில் கதை சொன்ன மக்கள், எழுத்து வந்ததும் மேடையைவிட்டு இறங்கிவிட்டார்கள் என்ற எண்ணம் மாணவன் மனதில் தானாகவே பதிந்துவிடும். உண்மையில் அவர்கள் எங்கும் போகவில்லை. பின்வந்த பிரதிகளுக்குள்ளே தொடர்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். பேனா மாத்திரம் பெரும்பாலும் வேறொருவர் கையில் இருந்தது.

எனவே இக்காலப் பிரதி ஒவ்வொன்றிடமும் மூன்று கேள்விகளைக் கேட்டாக வேண்டும் என்பது எனது கருத்து. பேசியவர் யார்? எழுதியவர் யார்? அச்சிட்டவர் யார்? இக்கேள்விகளோடு சில பிரதிகளை நோக்குவோம். அதற்கு முன் ஒரு சொல் பற்றி: 'செவ்விந்தியர்' என்று தமிழில் எழுதிவருகிறோம். கொலம்பஸின் தவறான கணிப்பும் ஐரோப்பியர் பூசிய நிறமும் சேர்ந்த சொல் அது. இக்கட்டுரையில் இயன்றவரை அவ்வம் மக்களின் பெயரையே பயன்படுத்துகின்றேன்.

நாவிலிருந்து தாளுக்கு

தொகைநூல்களில் அதிகம் இடம்பெறும் கதைகளுள் ஒன்று இரோகுவா மக்களின் உலகத் தோற்றக் கதை. வானுலகிலிருந்து ஒரு பெண் விழுகிறாள். கீழே எங்கும் நீர். நீர்ப்பறவைகள் சிறகோடு சிறகு சேர்த்து அவளைத் தாங்குகின்றன. ஆமை தன் முதுகைக் கொடுக்கின்றது. நீருக்கடியிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு பிடி சேறு அந்த ஓட்டின்மீது பரவி வளர்ந்து பூமியாகின்றது. பின்னர் இரட்டையர் பிறக்கின்றனர். ஒருவன் ஆக்குகிறான், மற்றவன் குழப்புகிறான். நமது மார்க்க நம்பிக்கைக்கு இக்கதை அந்நியமானதே. ஆனால் இலக்கியமாக நோக்கும்போது ஒரு விடயம் கவனத்தை ஈர்க்கின்றது. இங்கு மனிதர் வருமுன்னரே விலங்குகள் கூடி உதவி செய்கின்றன. வருபவள் விருந்தாளி. நிலத்தை வெல்ல வந்தவள் அல்லள். நிலத்தோடு அம்மக்கள் கொண்டிருந்த உறவு இக்கதையின் அமைப்பிலேயே இருக்கின்றது.

இனி மூன்று கேள்விகளையும் இக்கதையிடம் கேட்போம். ரஸ்கரோறா இனத்தவரான டேவிட் குசிக் 1827இல் இக்கதையைத் தம் மக்களின் வரலாறாக ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டார். அவரது ஆங்கிலம் தடுமாறுகின்றது. ஆயினும் பேசியவரும் எழுதியவரும் ஒரே சமூகத்தவர் என்ற வகையில் அது மிக முக்கியமான நூல். தொகைநூல்களில் உள்ள பிற கதைகளிற் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அதற்குப் பின்னரும் மானிடவியலாளர்கள் மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டு எழுதிக்கொண்டவை. அதாவது 1492க்கு முந்தியது என்று நாம் படிக்கும் பிரதி, எழுத்துருப் பெற்ற காலத்தால் மார்க் ட்வைனுக்குச் சமகாலத்தது. குளிர்காலத்தில் மாத்திரமே இத்தகைய கதைகளைச் சொல்லவேண்டும் என்ற வழக்கம் பல இனங்களிடம் இருந்தது. அந்தப் பருவம், சொல்பவரின் குரல், கேட்போரின் இடைமறிப்பு ஆகிய எதுவும் தாளில் இல்லை. கதையைப் பாடத்திட்டத்தில் சேர்ப்பதோடு இந்த இழப்பையும் மாணவருக்குச் சொல்லவேண்டும்.

அம்மக்கள் எழுத்தற்றவர்கள் என்ற கூற்றையும் அப்படியே ஏற்க இயலாது. வம்பம் எனப்படும் பட்டிகள் அவர்களிடம் இருந்தன. வெள்ளை, ஊதா நிறச் சிப்பி மணிகளைக் கோத்து ஆக்கப்பட்ட இப்பட்டிகள் உடன்படிக்கைகளின் நினைவாகப் பேணப்பட்டன. அவற்றைக் காத்தவர், சபையில் அவற்றைக் கையிலேந்தி உரியதை எடுத்துரைப்பார். 1744இல் பென்சில்வேனியாவின் லங்காஸ்ரர் நகரில் நடந்த உடன்படிக்கைப் பேச்சில் ஒனொன்டாகா இனத்தவரான கனசதேகோ ஆற்றிய உரைகள் புகழ்பெற்றவை. ஆறு இனங்கள் ஒன்றிணைந்து வாழ்வதுபோல் குடியேற்றங்களும் ஒன்றிணைய வேண்டும் என்று அவர் வெள்ளையருக்கு ஆலோசனை கூறினார். கொன்றாட் வைசர் மொழிபெயர்த்தார். பிராங்ளினின் அச்சகம் அதனை அச்சிட்டது. ஒவ்வோர் உறுதிமொழியின் பின்னும் கொடுக்கப்பட்ட பட்டி, அச்சில் ஒரு பட்டி கொடுக்கப்பட்டது என்ற சிறு குறிப்பாகச் சுருங்கிவிட்டது. ஒரு தரப்பின் ஆவணம் மறு தரப்பின் ஆவணத்துள் அடிக்குறிப்பாகும் விதம் இதுவே.

கேட்காத மொழியில் கேட்டது

1493இல் அச்சாகி ஐரோப்பா எங்கும் பரவிய கொலம்பஸின் கடிதம் ஒரு விநோதமான பிரதி. தீவு மக்களுடன் தமக்குப் பொதுமொழி இல்லை என்பதை அதிலிருந்தே அறிகிறோம். ஆயினும் தம்மை வானிலிருந்து வந்தவர் என்று அவர்கள் நம்பியதாகவும் அவர் எழுதுகின்றார். மொழி தெரியாதவர் நம்பிக்கையை எவ்வாறு அறிந்தார் என்ற கேள்விக்குக் கடிதத்தில் விடை இல்லை. மொழி கற்பிப்பதற்காகச் சிலரைப் பலவந்தமாகப் பிடித்ததை மாத்திரம் அவர் ஒளிக்காமல் சொல்கின்றார்.

நமது வாசகர்களுக்குச் சுவையான தகவல் ஒன்றும் உண்டு. கிரனடா வீழ்ந்த அதே 1492இல் புறப்பட்ட அப்பயணத்தில் லூயிஸ் டீ தொறெஸ் என்ற மொழிபெயர்ப்பாளர் இருந்தார். யூதராயிருந்து மதம் மாறிய அவர் ஹீப்ருவும் ஓரளவு அறபும் அறிந்தவர். நவம்பரில் கியூபாவின் உட்பகுதிக்குக் கொலம்பஸ் அவரையே அனுப்பினார். கிழக்கே சென்றால் அறபு புரியும் என்பது எதிர்பார்ப்பு. ஸ்பெயினில் துரத்தப்பட்டுக்கொண்டிருந்த மொழிகளே புதிய உலகின் வாசலைத் திறக்க எடுத்துச் செல்லப்பட்டன! இதனை நாம் அறிவது கொலம்பஸின் நாட்குறிப்பிலிருந்து. அதன் மூலப்பிரதி இன்று இல்லை. ஸ்பானியரின் கொடுமைகளை 1552இல் அச்சான தமது நூலில் அம்பலப்படுத்திய பாதிரியார் லாஸ் காஸாஸ் எழுதிவைத்த சுருக்கமே எஞ்சியது. வென்றவரின் நாட்குறிப்பும் அவரை விமர்சித்தவரின் கைவழியேதான் நம்மை அடைகின்றது.

இக்காலப்பகுதியின் மிகச் சிறந்த நூலாக நான் கருதுவது கபேஸா டீ வாக்கா எழுதி 1542இல் வெளிவந்த பயண விவரணமே. 1528இல் புளோரிடாவில் இறங்கி உள்நாடு சென்ற முந்நூறு பேரளவில் நால்வர் மட்டுமே எட்டு ஆண்டுகளின் பின் 1536இல் தம்மவரைச் சென்றடைந்தனர். ஆடையின்றி, பசியோடு, சில வேளை அடிமைகளாக, சில வேளை நோய் தீர்ப்பவர்களாக அவர்கள் கண்டத்தைக் கடந்தனர். இறுதியில் அடிமை பிடிக்கும் ஸ்பானியரைச் சந்தித்தபோது, கூடவந்த சுதேசிகள் இந்நால்வரும் அவர்களும் ஒரே இனத்தவர் என்பதை நம்ப மறுத்தனர். இவர்கள் சூரியன் உதிக்கும் திசையிலிருந்து வந்து நோயைத் தீர்த்தவர்கள், அவர்களோ மறையும் திசையிலிருந்து வந்து நலமானவர்களைக் கொல்பவர்கள் என்பது அவர்கள் கூறிய காரணம். தம்மவர் மீதான இத்தீர்ப்பை ஒரு ஸ்பானியரே மறைக்காது பதிந்தமை இந்நூலின் பெருமை.

நால்வரில் ஒருவர் எஸ்தெவானிகோ. மொரோக்கோவின் அஸமூரைச் சேர்ந்த, அறபு பேசும் கறுப்பர் என்று நூலின் இறுதியில் ஒரு வரியில் அவர் அறிமுகமாகின்றார். அவர் ஓர் அடிமை. அவரது சொந்தப் பெயர் பதியப்படவில்லை. ஆனால் நூலின் இடையில் ஒரு முக்கிய தகவல் இருக்கின்றது. தமது மதிப்பைக் காக்க ஸ்பானியர் மூவரும் சுதேசிகளுடன் அதிகம் பேசுவதில்லையாம். பாதைகளையும் ஊர்களையும் விசாரிப்பது, பேசுவது எல்லாம் எஸ்தெவானிகோவின் வேலையாம். அவ்வாறாயின் இந்நூலில் சுதேசிகள் பற்றி வரும் தகவல்களிற் பெரும்பகுதி அவரது காதினூடாகவும் நாவினூடாகவும் வந்தது என்றே கொள்ளவேண்டும். 1539இல் சூனி மக்களின் ஊரருகே அவர் கொல்லப்பட்டார். ஒரு வரியும் எழுதியதாக இல்லை. மொரோக்கோவில் பிறந்த லைலா லலாமி 2014இல் வெளியிட்ட நாவல் அவரது வாயால் இக்கதையைச் சொல்கின்றது. அந்நாவல் முஸ்தபா என்று அவருக்கிட்ட பெயர் கற்பனையே. ஆனால் ஐந்நூறு ஆண்டுகால வெற்றிடத்தை அது நியாயமாகவே நிரப்புகின்றது.

இவ்விடத்தில் நம்மவரிடம் உள்ள ஒரு பழக்கத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். கொலம்பஸுக்கு முன்னரே முஸ்லிம்கள் அமெரிக்காவைக் கண்டுபிடித்துவிட்டனர் என்ற கட்டுரைகள் அவ்வப்போது நமது ஏடுகளில் வருகின்றன. அதற்கு உறுதியான சான்று இல்லை என்பது ஒருபுறமிருக்க, கண்டுபிடித்தோம் என்ற சொல்லை உரிமை கோரும்போதே அங்கு வாழ்ந்த மக்களை இல்லாதவர்களாக்கும் கொலம்பஸின் பார்வையை நாமும் ஏற்றுக்கொள்கிறோம். எஸ்தெவானிகோவின் மெய்யான கதை நமக்குப் போதாதா?

ஸ்மித்தின் இரு நூல்கள்

1607இல் வேர்ஜீனியாவின் ஜேம்ஸ்ரவுணில் ஆங்கிலேயர் குடியேறினர். அவர்களுள் ஒருவரான கப்டன் ஜோன் ஸ்மித்தைப் பவ்ஹாற்றன் இனத் தலைவர் கொல்ல முற்பட்டதாகவும், தலைவரின் மகள் போகஹொன்டாஸ் தன் தலையை அவர் தலைமேல் வைத்துக் காப்பாற்றியதாகவும் உலகமே அறியும். திரைப்படங்களும் வந்துவிட்டன. இக்கதை ஸ்மித் 1624இல் வெளியிட்ட வரலாற்று நூலில் உள்ளது. நிகழ்ச்சி நடந்த சூட்டோடு 1608இல் வெளிவந்த அவரது முதல் நூலில் தலைவர் அவரை அன்போடு உபசரித்ததே உள்ளது. தலை தப்பிய கதை இல்லை.

இரு நூல்களுக்குமிடையே நடந்தவை என்ன? 1617இல் போகஹொன்டாஸ் இங்கிலாந்தில் இறந்துவிட்டார். அடுத்த ஆண்டு தந்தையும் இறந்தார். 1622இல் பவ்ஹாற்றன் மக்கள் குடியேற்றங்களைத் தாக்கி முந்நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றனர். மறுத்துரைக்கக்கூடியவர்கள் இல்லாத, நல்ல சுதேசி ஒருத்தியும் பல கெட்ட சுதேசிகளும் கதைக்குத் தேவைப்பட்ட காலம் அது.

இன்னொன்றையும் இதனோடு சேர்த்து நோக்கவேண்டும். அமெரிக்கா வருமுன் ஸ்மித் ஹங்கேரிப் பகுதியில் துருக்கியருக்கு எதிராகப் போரிட்டவர். பிடிபட்டு அடிமையாக விற்கப்பட்டு இஸ்தான்புல்லில் ஒரு சீமாட்டியின் இரக்கத்தைப் பெற்றதாகப் பின்னர் எழுதினார். அவரது குலச்சின்னத்தில் மூன்று துருக்கியரின் வெட்டுண்ட தலைகள். நியூ இங்கிலாந்துக் கரையின் மூன்று தீவுகளுக்கு மூன்று துருக்கியர் தலைகள் என்று பெயரிட்டார். அருகிலிருந்த முனைக்குத் துருக்கிச் சீமாட்டியின் பெயர். செல்லும் நாடெல்லாம் ஆண்கள் அவரைக் கொல்ல முனைகின்றனர். ஒரு பெண் காக்கின்றாள். போகஹொன்டாஸின் கதையில் துருக்கிக் கதையின் அச்சே மீண்டும் பதிந்திருக்கின்றது என ஐயுற இடமுண்டு. ஐரோப்பியர் முஸ்லிம்களைப் பற்றி எழுதிப் பழகிய கையோடுதான் அமெரிக்க மக்களைப் பற்றி எழுதத் தொடங்கினர். அவ்வகையில் இவ்விலக்கியம் நமக்குத் தூரத்து விடயம் அல்ல.

சிறைப்பட்டவளும் அச்சுக்கோப்பவரும்

1620இல் மேஃபிளவர் கப்பலில் வந்தவர்களின் வரலாற்றை ஆளுநர் வில்லியம் பிராட்போர்ட் எழுதினார். எளிமையும் கம்பீரமும் கொண்ட உரைநடை அது. ஆங்கிலேயருக்குச் சோளம் நடக் கற்றுத்தந்த ஸ்குவான்ரோவை இறைவன் அனுப்பிய கருவி என்கிறார். ஆனால் 1614இல் ஓர் ஆங்கிலக் கப்டன் அவரைக் கடத்தி ஸ்பெயினில் விற்க முயன்றதையும், அவர் திரும்பி வந்தபோது ஊரே கொள்ளைநோயால் அழிந்திருந்ததையும் சேர்த்துப் படிக்கும்போதுதான், பிராட்போர்ட் இறையருள் என்று கண்டது மற்றவருக்கு என்னவாக இருந்தது என்பது புரியும். 1650இல் இலண்டனில் அன் பிராட்ஸ்றீட்டின் கவிதைகள் வெளியாகின. வீடு எரிந்ததையும் பேரக் குழந்தை இறந்ததையும் பற்றிய அவரது கவிதைகளில், விதியை ஏற்கும் நாவுக்கும் ஏற்க மறுக்கும் நெஞ்சுக்குமிடையே நடக்கும் இழுபறி இன்றும் நம்மைத் தொடுகின்றது. எனினும் இக்காலத்தின் மையப் பிரதியாக நான் எடுத்துக்கொள்வது மேரி றோலன்ட்ஸனின் நூலையே.

1676 பெப்ரவரியில், மெற்றகொம் என்ற வம்பனோக் தலைவரின் போர்க் காலத்தில், லங்காஸ்ரர் என்ற மசாசுசெட்ஸ் கிராமம் தாக்கப்பட்டது. போதகரின் மனைவியான மேரி பிள்ளைகளோடு சிறைப்பட்டார். காயமுற்ற ஆறு வயது மகள் சில நாட்களில் அவர் மடியிலேயே இறந்தாள். பதினொரு வாரங்களின் பின் 20 பவுண் மீட்புப்பணத்தில் விடுதலையானார். 1682இல் அவரது நூல் வெளிவந்தது. சுதேசிகளை மிருகங்கள், நரகத்தவர் என்ற பாணியிலேயே அவர் வைகின்றார். முன்னுரை எழுதிய மதபோதகர் நூல் முழுவதையும் இறைவனின் சோதனைக்குச் சான்றாக்குகின்றார்.

இத்தகைய நூலை நாம் என்ன செய்வது? காலனித்துவப் பிரசாரம் என்று தள்ளிவிடுவது சுலபம். நம்மிடையே பலர் அப்படித்தான் செய்வர். ஆனால் நூலை ஊன்றிப் படியுங்கள். இறந்த குழந்தையைச் சுதேசிகள் புதைத்து, இடத்தையும் தாய்க்குக் காட்டுகின்றனர். கொள்ளையடித்த பொருட்களிலிருந்து ஒருவர் அவருக்குப் பைபிள் ஒன்றைக் கொடுக்கின்றார். தலைவர் மெற்றகொம் தன் மகனுக்குச் சட்டை தைக்கச் சொல்லி, கூலியாக ஒரு ஷில்லிங் தருகின்றார். தம்மிடம் எவரும் தகாத முறையில் நடக்கவில்லை என்று அவரே எழுதுகின்றார். உச்சமாக ஓரிடம்: பசி மிகுந்து, கடிக்க முடியாமல் ஓர் ஆங்கிலக் குழந்தை வைத்திருந்த குதிரைக் குளம்பிறைச்சியைப் பிடுங்கித் தாமே தின்றதை அவர் சொல்கின்றார். நாகரிகம், காட்டுமிராண்டித்தனம் என்ற சுவர் அந்த ஒரு வாய் உணவில் இடிந்துவிடுகின்றது. முன்னுரைகாரர் கட்டிய வேலியை நூலாசிரியரின் பசி தாண்டிவிட்டது. அவர் வெறுப்போடு வரைந்த எசமானி வீற்றமூ, உண்மையில் பொகஸற் மக்களின் தலைவி. ஆணவக்காரி என்று அவர் எழுதுவதை, தன் பதவியை அறிந்த ஒரு பெண்ணின் நிமிர்வு என்று நாம் திருப்பி வாசிக்கலாம்.

அச்சிட்டவர் யார் என்ற மூன்றாவது கேள்விக்கு இங்கு வியப்பான விடை கிடைக்கின்றது. நிப்மக் இனத்தவரான வவாவுஸ் என்பவர் இளமையிலேயே கேம்பிரிட்ஜ் அச்சகத்தில் தொழில் பழகியவர். ஜேம்ஸ் பிரின்ரர் என்பது அவருக்கு வழங்கிய பெயர். தொழிலே பெயராகிவிட்டது. ஜோன் எலியட் பாதிரியார் மசாசுசெட் மொழியில் பெயர்த்து 1663இல் அச்சிட்ட பைபிளை அச்சுக்கோத்தவர்களுள் அவரும் ஒருவர். அமெரிக்காவில் அச்சான முதற் பைபிள் ஆங்கிலத்தில் இல்லை, அந்நில மக்களின் மொழியிலேயே இருந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. போரின்போது அவர் தம் மக்களிடம் இருந்தார். மேரியின் விடுதலை தொடர்பான கடிதங்களை எழுதியவர்களுள் ஒருவராகவும் கருதப்படுகின்றார். போரின் பின் அச்சகம் திரும்பினார். 1682இல் கேம்பிரிட்ஜில் அச்சான மேரியின் நூலை அச்சுக்கோத்ததில் அவரது கையும் இருந்தது என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. தம் மக்களை ஏசும் வரிகளை எழுத்தெழுத்தாக ஈயத்தில் அடுக்கிய அந்த மனிதரின் மனம் எப்படி இருந்திருக்கும்? அவர் எதுவும் எழுதி வைக்கவில்லை.

எலியட்டின் பைபிளுக்கு ஒரு பிற்கதையும் உண்டு. மதம் மாற்றுவதற்காக ஆக்கப்பட்ட நூல் அது. பேசுவோரின்றி ஒழிந்துபோன அம்மொழியை 1993 முதல் மீட்டெடுக்க முனைந்த வம்பனோக் பெண்மணி ஜெசி லிட்டில் டோ பெயார்டுக்கும் அவரது குழுவினருக்கும் அந்தப் பைபிளே மிகப் பெரிய சொற்களஞ்சியமாகப் பயன்பட்டது. ஒரு நூல் எதற்காக எழுதப்பட்டது என்பதோடு அதன் வாழ்வு முடிந்துவிடுவதில்லை.

அறபு எழுத்தில் ஒரு கடிதம்

1730இல் மேற்கு ஆபிரிக்காவின் பொண்டுவைச் சேர்ந்த அய்யூப் இப்னு சுலைமான் என்ற மார்க்க அறிஞர் பிடிபட்டு மேரிலாந்தில் அடிமையாக விற்கப்பட்டார். தனியிடம் தேடித் தொழுதபோது ஒரு வெள்ளைச் சிறுவன் அவர் முகத்தில் மண்ணை எறிந்து கேலி செய்தான். அவர் தப்பியோடிச் சிறையிலடைக்கப்பட்டார். தோமஸ் புளுவற் என்பவர் அங்கு அவரைக் கண்டார். தந்தைக்கு அய்யூப் அறபியில் எழுதிய கடிதம் இலண்டனில் ஒரு பிரமுகரின் கைக்குச் சென்று, அதுவே விடுதலைக்கு வழியாயிற்று. 1733இல் இலண்டன் சேர்ந்த அவர் மனனத்திலிருந்து குர்ஆனின் மூன்று பிரதிகளை எழுதினார். 1734இல் நாடு திரும்பினார். அவரது வாழ்வைப் புளுவற் அதே ஆண்டில் நூலாக்கினார்.

நாம் பெருமைப்படத்தக்க வரலாறு இது. ஆனால் முழுமையாகச் சொல்லவேண்டும். தந்தை அவரை ஆற்றங்கரைக்கு அனுப்பியது இரண்டு அடிமைகளை விற்றுக் கடதாசி முதலியவற்றை வாங்கிவரவே. திரும்பும் வழியிலேயே பிடிபட்டார். அடிமைகளை விற்றுக் கடதாசி வாங்கச் சென்றவரை, ஒரு கடதாசியில் எழுதிய கடிதமே அடிமைத்தளையிலிருந்து விடுவித்தது. அவர் விற்ற இருவருக்கும் எழுத்து இருக்கவில்லை. அவர்களைப் பற்றி எந்த நூலும் இல்லை. நமது இரக்கம் அய்யூபோடு நின்றுவிடுமாயின் நாம் பாதிப் பக்கத்தையே படித்தவர்களாவோம்.

ஒக்கம் என்னும் ஆசிரியர்

இறுதியாக, மூன்று கேள்விகளில் இரண்டுக்கேனும் ஒரே விடை கிடைக்கும் ஒரு பிரதிக்கு வருகிறேன். மொஹீகன் இனத்தவரான சாம்ஸன் ஒக்கம் 1723இல் பிறந்தவர். இருபது வயதளவில் எலியாசர் வீலொக் என்ற போதகரிடம் கல்வி கற்றார். லோங் ஐலன்டில் மொன்ரோக் மக்களிடையே பல ஆண்டுகள் ஆசிரியராகவும் போதகராகவும் பணியாற்றினார். 1768இல் தம் வாழ்வைச் சில பக்கங்களில் எழுதினார். அவர் உண்மையான மொஹீகன் அல்லர் என்பது போன்ற அவதூறுகளுக்குப் பதிலாக எழுதப்பட்டது அது.

அதில் அவர் தமது வகுப்பறையை விபரிக்கும் பகுதி எனக்கு மிகவும் பிடித்தமானது. சில பிள்ளைகள் எழுத்துக்களை வரிசையாக ஒப்பிப்பார்கள், ஆனால் கண்ணால் அடையாளம் காணமாட்டார்கள். இதற்கு அவர் ஒரு வழி கண்டார். கடதாசித் துண்டுகளில் எழுத்துக்களை எழுதி, சீடர் மரச் சில்லுகளில் ஒட்டி, வாங்கில் அடுக்கிவைத்தார். ஒரு எழுத்தைக் காட்டி, பின் அதை எடுத்துவரும்படி பிள்ளையை ஏவினார். ஆசிரியர் கலாசாலையில் எழுத்தட்டை செய்யப் பழகி, பின்னர் கிராமத்துப் பாடசாலையில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளோடு மாரடித்தவர்களுக்கு இப்பகுதியின் அருமை தெரியும். இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்திய ஒரு சக ஆசிரியரின் குரல் அது. அமெரிக்க இலக்கியத்தின் புகழ்பெற்ற பிரசங்கங்கள் எதிலும் இப்படியொரு பிள்ளை எழுந்து நடந்துபோய் எழுத்தை எடுத்துவருவதில்லை.

சம்பளம் போதாமையால் அவர் சோளம் பயிரிட்டார், மீன் பிடித்தார், மரக்கரண்டியும் அகப்பையும் வாளியும் செய்தார், நூல் கட்டினார், துப்பாக்கிக்குக் கட்டை போட்டார். பின் கணக்கொன்றை முன்வைக்கின்றார். பன்னிரண்டு ஆண்டுப் பணிக்குத் தமக்குக் கிடைத்தது 180 பவுண். வெள்ளை இளைஞர் ஒருவரின் ஓராண்டுப் பணிக்கு, மொழிபெயர்ப்பாளர் முதலிய செலவுகளோடு சபை கொடுத்ததும் 180 பவுண். தாம் ஆசிரியர், போதகர், மொழிபெயர்ப்பாளர் எல்லாமாக ஒருவராகவே இருந்தவர். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்ன என்று கேட்டு, ஓர் ஆங்கிலேயரிடம் வேலைக்கிருந்து அடிபட்ட சுதேசிச் சிறுவனின் கதையைச் சொல்கின்றார். தான் சுதேசியாயிருப்பதற்காகவே பெரும்பாலும் அடிக்கிறார் என்று அச்சிறுவன் நம்பினானாம். தமது நிலையும் அதுவே என்று முடிக்கின்றார். கோபத்தை உரக்கச் சொல்லாமல் கூட்டல் கணக்காகவும் ஒரு சிறுவனின் வாய்ச்சொல்லாகவும் வைத்த இந்த எழுத்தடக்கம் தேர்ந்த கலைஞனுக்குரியது.

1766 முதல் 1768 வரை ஒக்கம் பிரித்தானியாவில் பிரசங்கங்கள் செய்து, சுதேசப் பிள்ளைகளின் கல்விக்கென ஏறத்தாழ 12,000 பவுண் திரட்டினார். வீலொக் அப்பணத்தைக் கொண்டு 1769இல் டாட்மத் கல்லூரியை நிறுவினார். அது பெரிதும் வெள்ளை மாணவருக்கான கல்லூரியாயிற்று. கல்லூரியைத் தாயெனக் குறிக்கும் இலத்தீன் தொடரில் ஓர் எழுத்தை மாற்றி, அவள் வெள்ளைத்தாய் ஆகிவிடுவாள் என்று ஒக்கம் வீலொக்குக்கு எழுதினார். எழுத்துச் சில்லுகளை இடம் மாற்றிப் பழகியவரின் கை அல்லவா!

1772இல் தூக்கிலிடப்பட்ட மோஸஸ் போல் என்ற சுதேசிக்காக அவர் ஆற்றிய பிரசங்கம் உடனே அச்சாகிப் பல பதிப்புக்களைக் கண்டது. ஒரு சுதேசி தம்மவரின் குடிப்பழக்கத்தைக் கண்டிக்கும் பகுதிகள் வெள்ளை வாசகருக்கு உவப்பாயிருந்தன. சுயசரிதமோ 1982வரை அச்சேறவில்லை. எதை அச்சிடுவது என்ற அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அதே காலத்தில் பொஸ்டனில், ஏழு வயதளவில் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட பிலிஸ் வீற்லி என்ற அடிமைப்பெண் கவிதை எழுதினார். 1773இல் வெளிவந்த அவரது நூலில், இவற்றை எழுதியவர் இவரே என்று பதினெட்டு வெள்ளைக் கனவான்கள் சான்றளிக்க வேண்டியிருந்தது. 1774 பெப்ரவரியில் வீற்லி ஒக்கமுக்கு எழுதிய கடிதம் பத்திரிகைகளில் வெளியாயிற்று. சுதந்திரத்துக்காகக் கூச்சலிடுவோர் அடிமைகளை வைத்திருக்கும் முரண்பாட்டை அதில் அவர் அமைதியாகச் சுட்டுகின்றார். ஓர் ஆபிரிக்கப் பெண்ணும் ஒரு மொஹீகன் ஆசிரியரும், இடையில் வேறொருவர் கையின்றி, ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட கடிதம் அது. சுதந்திரப் பிரகடனத்துக்கு இரண்டு ஆண்டுகள் முந்தியது. ஆதி அமெரிக்க இலக்கியத்தின் உச்சம் எது என்று என்னைக் கேட்டால் இவ்விருவரின் பக்கங்களையே காட்டுவேன்.

2022 ஏப்ரலில் டாட்மத் கல்லூரி ஒக்கமின் கையெழுத்துப் பிரதிகளை மொஹீகன் மக்களிடமே திருப்பி ஒப்படைத்தது. காலம் பிந்தினாலும் எழுதிய கையின் உரிமை ஏற்கப்பட்டது மகிழ்ச்சிக்குரியது.

பிறர் எழுதிய பிரதிகளில் தம்மைத் தேடவேண்டிய நிலையிலுள்ள எந்தச் சமூகத்துக்கும் இவ்விலக்கியம் ஒரு நல்ல பாடநூல். எதிரியின் எழுத்தைத் தள்ளாமல் அதற்குள் நம்மவரின் குரலைக் கேட்கவும், நம்மவர் எழுத்தைப் புகழும்போதே அதிலும் மௌனமாக்கப்பட்டவர்களைத் தேடவும் அது பழக்குகின்றது. ஒக்கமின் சுயசரிதம் சில பக்கங்களே கொண்டது. ஒரு வார இறுதியில் மொழிபெயர்த்துவிடலாம். நமது இளைஞர்களில் ஆங்கிலம் கற்ற எவரேனும் அதைத் தமிழுக்குக் கொண்டுவருவாராயின் எமது ஆசிரியர் ஓய்வறைகளில் அது கைமாறிக் கைமாறிப் படிக்கப்படும் என்பதில் எனக்கு ஐயமில்லை.